இடது பக்கத்துப் பெட்டி

பாட்டு தொடங்குவதற்கு முன்பே வந்து உட்கார்ந்து, பேசுகிறவர்களை முறைக்கும் என் ஆரோக்கியம் மச்சானுக்கு,

நீ போய் இரண்டு கோடை கழிந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு வந்தேன். செத்த நேரம் நின்றேன், திரும்பி வந்துவிட்டேன். உன்னிடம் என்ன பேசுவது என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. ஸ்பீக்கர் வாங்கிய கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மீதியையும் படி.

என் காது போகிறது மச்சான்.

மில்லில் நீ எலக்ட்ரீஷியன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பேனல் போர்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நான் நூல் முறுக்கும் கூடத்திலேயே கிடந்தவன். அத்தனை மிஷினும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம்கூடக் கையால்தான் பேசுவோம், நினைவிருக்கிறதா? வேலையை விட்டு வந்த பிறகும் அந்தச் சத்தம் இடது காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. முதலில் ஃபேன் சத்தம் என்று நினைத்து ஃபேனை அணைத்தேன். பிறகு ஃபிரிட்ஜ் என்று நினைத்து அதன் மேல் காதை வைத்துப் பார்த்தேன். வீட்டில் ஓடுகிற எதிலிருந்தும் அது வரவில்லை.

என் வீட்டுக்காரி ஈசுவரிதான் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நான் பட்டனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தயாராகக் காத்திருந்தேன். சோதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றே நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் எதை எழுதுகிறாள் என்பது எனக்குப் புரிந்த அந்த இடத்தை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

"இடது காது பெரும்பாலும் போயிருச்சுங்க. வலதும் இறங்கிட்டுத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "போனது திரும்ப வராது. காதுல மாட்டிப் பாட்டுக் கேக்குறதை இன்னையோட விட்டுருங்க."

"வலது காது எம்புட்டு நாளைக்கு இருக்கும்மா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது."

அங்கேயே காதுக்கருவி ஒன்றை மாட்டிக் காட்டினார்கள். டாக்டரம்மா ஒரு தாளைத் திருப்பினார், தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி இருந்தது. நான் அவசரமாகப் போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டேன். பாடுகிறவர் டப்பாவுக்குள் இருந்து கத்தினார். வயலின்கள் எல்லாம் கம்பி வலையைக் கரண்டியால் சுரண்டுவது போல வந்தன. கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். பேச்சுக்கு இது நன்றாக உதவும் என்று டாக்டரம்மா சொன்னதாக ஈசுவரி பிறகு சொன்னாள். எனக்கு அது காதிலும் ஏறவில்லை, மனதிலும் ஏறவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. வலது காது போவதற்குள் எல்லாப் பாட்டையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். ஞாயிறு பூசை முடித்து நீ வந்ததும் நாகல்நகரில் உன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கேட்டோமே, அந்த மாதிரி. கண்ணை மூடினால் பாடுகிறவர் சுவருக்கு முன்னால் வந்து நிற்பாரே, அந்த மாதிரி. போனில் அது வராது. காதில் மாட்டவும் கூடாது. அப்படியென்றால் ஒரு ஜோடி நல்ல பெட்டி வேண்டும்.

உன் பெட்டிகளை உன் வீட்டுக்காரி, தங்கச்சி ஸ்டெல்லா, கோயம்புத்தூருக்கு உங்கள் மகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டது. சாயங்காலம் ஆனால் பாப்பா அதில் பாட்டுப் போடுகிறதாம். கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் அப்பா தொட்டுத் துடைத்த பொருளை எப்படிக் கேட்பது? எனக்கு வாய் வரவில்லை.

கையில் இருந்தது ஒரு நல்ல மிக்சியும் கிரைண்டரும் வாங்குகிற அளவுப் பணம். அதற்கு மேல் போக வழியில்லை. மதுரை ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கினேன். எங்கே பார்த்தாலும் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி, அதில் பச்சையும் சிவப்புமாக விளக்கு சுற்றுகிறது, கூடவே ஒரு மைக். "அண்ணே, இதைப் போட்டா தெருவே அதிரும்" என்றார் ஒரு கடைக்காரர். எனக்குத் தெரு வேண்டாம், ஒரு அறை போதும் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். இரண்டு சின்னப் பெட்டி, அலமாரியில் வைக்கிற அளவு, விளக்கு எரியாதது என்று கேட்டதற்குக் கம்ப்யூட்டருக்கு வைக்கிற பிளாஸ்டிக் குமிழ்களை எடுத்துக் காட்டினார்.

பிறகு போனில் தேடினேன். அங்கே ஒரு கடல் இருக்கிறது மச்சான். நீ இருந்திருந்தால் சாப்பாட்டை மறந்திருப்பாய். ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டி இந்தப் பணத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்கிறார். அடுத்தவர் அதே பெட்டியைக் குப்பை என்கிறார். சிலதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டுமாம், அதை வாங்கினால் பெட்டிக்குப் பணம் மிஞ்சாது. சிலதில் உள்ளேயே இருக்கிறதாம், ஆனால் அது கெட்டால் பெட்டியும் போச்சு என்று பயமுறுத்துகிறார்கள். எதில் எப்படிப் பாடும் என்று காட்ட அவர்கள் பாட்டுப் போடுகிறார்கள். அதை நான் என் போனின் ஓட்டை ஸ்பீக்கரில், ஒற்றைக் காதால் கேட்கிறேன். இது என்ன கூத்து?

ஒரு குழுவில் என் நிலைமையைக் கொஞ்சம் மறைத்து, கொஞ்சம் சொல்லி, எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டேன். ஒரு புண்ணியவான் பதில் போட்டார். இந்தப் பணத்துக்கு ஸ்பீக்கர் வேண்டாம் சார், நல்ல ஹெட்போன் வாங்குங்கள் என்று.

அன்றைக்குப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். நீ இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய். "மாப்ள, உன் ரூமு சின்னது, இதை வாங்கு, செவுத்தை விட்டு ஒரு முழம் தள்ளி வையி, போ" என்று. ஒரு ஆள் செத்துப்போனால் அவன் குரல் மட்டுமா போகிறது? அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கூடவே போய்விடுகிறதே மச்சான்.

கடைசியில் மதுரையில் ஒரு கடையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்கலாம் என்று தெரிந்தது. கிளம்பினேன். ஈசுவரியும் வந்தாள். நான் தனியாக ரோட்டைத் தாண்டுவதில்லை இப்போது, இடது பக்கம் வருகிற வண்டி தெரிவதில்லை. கொடைரோடு தாண்டும் வரை அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் இரைச்சலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கடை மாடியில் இருந்தது. உள்ளறையில் தரைவிரிப்பு, சுவரில் தடித்த திரை. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், பொறுமைசாலி. எங்கள் பணத்துக்குள் அடங்குகிற இரண்டு ஜோடிகளை வைத்தார். "உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒண்ணு குடுங்க சார், அதுலதான் வித்தியாசம் தெரியும்" என்றார். நம்முடைய பாட்டைக் கொடுத்தேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் தபலா நின்றுபோய், தூரத்தில் ஒரு சின்ன மணி மட்டும் கேட்குமே, அந்தப் பாட்டு. எந்தப் பெட்டியை யார் கொண்டுவந்தாலும் நீ அந்த மணியை வைத்துத்தானே எடை போடுவாய்?

முதல் ஜோடியில் கேட்டேன். பிறகு அடுத்ததில் கேட்டேன்.

"எது சார் பிடிச்சிருக்கு?"

"இன்னொருக்காப் போடுங்க" என்றேன். மறுபடி போட்டார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன மச்சான். போர்வைக்கு அடியில் இருந்து பாடுகிற மாதிரி ஒன்று, அதே போர்வைக்கு அடியில் இருந்து இன்னொன்று. தபலா நிற்கிற இடம் வந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். வெறும் அமைதி. பிறகு பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது.

"மணி வரலையே" என்றேன் கடைக்காரரிடம். "இதுல ஒரு மணி வரும். பதிவு சரியில்லையோ?"

அவர் ஈசுவரியைப் பார்த்தார். ஈசுவரி என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "அடிச்சுச்சேங்க. ரெண்டுலயும் அடிச்சுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே தெருவில் மதுரை முழுவதும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, அது நன்றாகக் கேட்கிறது. எனக்கு வேண்டாததெல்லாம் கேட்கிறது. சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நீ செத்த அன்றைக்கு அழுததற்குப் பிறகு அப்படி அழுதது இப்போதுதான். எதற்கு வந்தேன்? யாருக்கு இந்தப் பெட்டி? கேட்க முடியாதவன் கடையில் ஏறி நல்லது எது, கெட்டது எது என்று கேட்கிறானே, இவனைப் போல ஒரு பைத்தியக்காரன் உண்டா?

ஈசுவரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"வாங்க உள்ள. அவரு காத்துக்கிட்டு இருக்காரு."

"வேணாம் ஈசு. வீட்டுக்குப் போவம்."

"நீங்க கேக்காட்டிப் போங்க. நான் கேட்டுச் சொல்றேன். எனக்குக் காது நல்லாத்தான இருக்கு?"

கூடப் பிறக்காவிட்டாலும் நீ தங்கச்சி என்றே கூப்பிட்ட ஈசுவரியைப் பற்றி உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிறவள். பாட்டு என்றால் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கும்போது ஓடுகிற ஒன்று, அவ்வளவுதான். அவள் போய் அந்தச் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி போடச் சொன்னாள், நிறுத்தச் சொன்னாள், மாற்றச் சொன்னாள். கடைக்காரர் நேரம் பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தார்.

"மொத பெட்டியில தபலா தடபுடலா இருக்கு. ஆனா பாடுறவருக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். "ரெண்டாவதுல சத்தம் கம்மி. ஆனா அவரு மூச்சு இழுக்குறதுகூடத் தெரியுது."

கடைக்காரர் எங்கள் அறை எம்புட்டு என்று கேட்டார். சொன்னோம். சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றும் சொன்னோம். அப்படியென்றால் இரண்டாவதுதான் சரி, முதலாவதற்குப் பின்பக்கம் காற்றுத் துளை இருக்கிறது, சுவரை ஒட்டினால் சத்தம் குழம்பிவிடும், இதற்கு முன்பக்கம் இருக்கிறது என்றார். ஆம்ப்ளிஃபையரும் இதற்குள்ளேயே இருக்கிறது. விலையும் சற்றுக் குறைவு. ஈசுவரி வாங்கிவிட்டாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மறுநாள் மத்தியானம் நீ செய்கிற மாதிரியே எல்லாம் செய்தேன். சிமெண்டுக் கல்லை அடுக்கி, மேலே பழைய ரப்பர் மிதியடியை வெட்டிப் போட்டு, உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வருகிற மாதிரி இரண்டையும் வைத்தேன். லேசாக என்னைப் பார்த்துத் திருப்பினேன். பாட்டைப் போட்டேன். வலது பெட்டி பாடியது மச்சான், நிஜமாகவே பாடியது. இடது பெட்டி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது.

எனக்குச் சந்தோஷம்! அதைச் சொன்னால் நம்புவாயா? பெட்டியில்தான் கோளாறு, என் காதில் இல்லை என்று ஒரு சந்தோஷம். கடைக்குப் போன் போட்டு ஈசுவரியிடம் கொடுத்துப் பேசச் சொன்னேன். அவர் சொன்னதை அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள். "ரெண்டையும் எடம் மாத்தி வைக்கணுமாம். கொறை பெட்டியோட கூடவே போச்சுன்னா பெட்டியில கோளாறாம். மாத்திக் குடுத்துருவாராம்."

"போகாட்டி?"

அவள் போனை வைத்துவிட்டு இடது பெட்டியின் ஒயரைக் கழற்றத் தொடங்கினாள்.

இடதை வலதுக்குத் தூக்கினேன், வலதை இடதுக்குத் தூக்கினேன். அதே பாட்டைப் போட்டேன். இவ்வளவு நேரம் வாயைப் பொத்தியிருந்த பெட்டி இப்போது வலது பக்கம் நின்று அருமையாகப் பாடியது. அருமையாகப் பாடிய பெட்டி இடது பக்கம் போனதும் வாயைப் பொத்திக்கொண்டது.

குறை இருந்த இடத்திலேயே நின்றது மச்சான்.

அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குள் போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் போவேன், சாப்பிடுவேன், வந்து படுத்துக்கொள்வேன். ரெட்டியார்சத்திரத்தில் இருந்து மகன் போன் செய்தால் பேசமாட்டேன். மனதுக்குள் ஒன்றுதான் ஓடியது. இன்றைக்கு எந்தச் சத்தம் போயிருக்கும்? காலையில் குருவி கத்தவில்லையே, குருவியே வரவில்லையா, வந்து கத்திவிட்டுப் போய்விட்டதா? இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே கிடந்தால் மனிதன் என்ன ஆவான்?

ஒரு நாள் ஈசுவரியைக் கூப்பிட்டு, "அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துரு. எனக்கு அதைப் பாக்கப் பிடிக்கல" என்றேன்.

அவள் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தாள். என் வலது காதுப் பக்கம் வந்து நின்றாள். கத்தினாள் என்று சொல்லமாட்டேன், அவள் பேசுவதே இப்போது அப்படித்தான்.

"பாட்டுக் கேக்கலைன்னு மதுரை வரைக்கும் போனீக. நான் பேசுறது கேக்கலைன்னு எங்கிட்டாவது போனீகளா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"தண்ணி வந்துருச்சுன்னு கத்துறேன். கேஸ் வந்துருச்சுன்னு கத்துறேன். தொண்டை கட்டிப்போகுது. கத்திச் சொல்ல வேண்டியதை மட்டுந்தான் உங்ககிட்டச் சொல்றேன். மத்ததெல்லாம் எனக்குள்ளயே கெடக்கு."

"என்ன கெடக்கு?" என்றேன்.

"அதையும் கத்தியா சொல்லச் சொல்றீக?"

மச்சான், நான் படித்தவனில்லை, ஆனால் முட்டாளும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் கரகரத்துப் போயிருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் அவள் பேசிக்கொண்டே வந்தது எதைப் பற்றி என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பாட்டு போகிறதே என்று அழுதவனுக்கு, பக்கத்தில் இருக்கிறவள் பேச்சு ஏற்கெனவே போய்விட்டது தெரியவில்லை.

மறுநாள் காலையில் நானே சட்டையை மாட்டிக்கொண்டு, ஈசுவரியையும் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அலைந்தோம், காத்திருந்தோம், மறுபடி வரச் சொன்னார்கள், மறுபடி போனோம். ஒருவழியாக வலது காதுக்கு ஒரு கருவி கிடைத்தது. இப்போதும் அதில் பாட்டுக் கேட்டால் தகரம்தான். ஆனால் பேச்சு வருகிறது. முதல் நாள் ஈசுவரி அடுப்படியில் தனக்குத்தானே முனகியது கேட்டுவிட்டு "யாரைத் திட்டுற?" என்றேன். பயந்துபோய்க் கரண்டியைக் கீழே போட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். போன வாரம் மறுபடி சோதித்தார்கள். வலது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பட்டனைப் பிடித்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது, கேட்காத சத்தத்துக்கும் அமுக்கிவிடலாமா என்று தோன்றுகிறது. பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாற்காலியை ஈசுவரி பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருக்கிறாள், என் வலது காது இரண்டு பெட்டிகளையும் பார்க்கிற மாதிரி. உன்னைப் போன்றவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். கருவியைக் கழற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கிறேன், பாட்டு முடிந்ததும் மாட்டிக்கொள்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டிகள் அணைந்திருந்தன. ஈசுவரி பூக் கட்டிக்கொண்டே, கத்தாமல், பழைய குரலில் சொன்னாள்.

"ஆரோக்கியம் அண்ணனை அடக்கம் பண்ணிட்டுத் திரும்பி வாரப்ப நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இல்லையே. என்ன சொன்ன?"

"இனிமே பாட்டுக் கேக்க ஆளு இல்லையேன்னு நெனைக்காதீக, ஞாயித்துக்கிழமை நான் வந்து உக்காருறேன், எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு சொன்னேன். நீங்க பாட்டுக்கு நடந்தீக. சரி, அண்ணன் எடத்துல நான் உக்காருறது உங்களுக்குப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

"எந்தப் பக்கம் நடந்து வந்த?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். பிறகு பூவை மடியில் போட்டுவிட்டு, தன் வலது தோளையும் என் இடது தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். கையைக் கொண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் உன் இடத்தில் உன் தங்கச்சி உட்காருவாள். எந்தப் பாட்டில் எது எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும், காது இருக்கும்போதே, அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். எனக்கு ஒன்றுமே கேட்காமல் போகிற நாளிலும் பெட்டியை அவளுக்காகப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவேன்.

உன் தங்கச்சி ஈசுவரியின் வீட்டுக்காரன்,
உன் மாப்பிள்ளை
தங்கவேல்,
திண்டுக்கல்.